வீட்டிற்கு வரும் அரங்கம்



நாடகம் பார்ப்பது என்றால் என்ன என்று உங்களை வினவினால், இஃதென்ன கேள்வி என்று நீங்கள் நகைக்கக்கூடும். சீட்டு வாங்குகிறோம், குறித்த இருக்கையில் அமர்கிறோம், விளக்குகள் அணைகின்றன, திரை எழுகிறது, அதன்பின் இரண்டு மணி நேரம் வாய் திறவாமல், கை கால்களை அசைக்காமல் இருந்து பார்க்கிறோம், கைதட்ட வேண்டிய இடத்தில் தட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். இதில் நமக்கு ஒரு துன்பமும் தோன்றுவதில்லை. ஆனால் நான் இப்போது அடுக்கிய செயல்களில் பெரும்பாலானவை ஒரு சாராருக்கு ஏற முடியாத படிக்கட்டுகளாக அமைந்துவிடுகின்றன. ஆட்டிசம் என்னும் இயல்புடையவர்களே அவர்கள். அவர்கள் தம் வீட்டில் இருந்தபடியே நாடகத்தை எவ்வாறு துய்க்கலாம், அதற்கு வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்யலாம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் அப்பெயரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கேனர் என்னும் மருத்துவர், 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்பவரும் ஏறக்குறைய இதே இயல்புடைய சிறுவர்களைக் குறித்து எழுதினார். இன்று உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உடையவர் என்பது 2021ஆம் ஆண்டை வைத்து உலக நலவாழ்வு அமைப்பு கணித்த கணக்கு. தமிழில் இதனை 'மதியிறுக்கம்' என்று கூறுவதும், 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' என்று கூறுவதும் வழக்கில் உள்ளன. இவ்விரு பெயர்களிலும் எனக்கு மனநிறைவு இல்லை. புற உலகத்தைப் பற்றிய நினைவே இல்லாதவர் என்பது போல் அல்லவா இரண்டாவது பெயர் ஒலிக்கிறது? உண்மையோ பல சமயங்களில் இதற்கு நேர்மாறானது. புற உலகம் அவர்களிடம் மட்டுக்கு மீறி வந்து சேர்கிறது. நம் செவி தானாகவே ஒதுக்கிவிடும் குழல்விளக்கின் ரீங்காரம் அவர்களுக்கு உரத்துக் கேட்கலாம். சட்டையின் பின்கழுத்தில் தைத்த சிறு துணித்துண்டு முள்ளாய்க் குத்தலாம். பக்கத்து வீட்டுக் குக்கரின் சீழ்க்கை நெஞ்சைப் பிளக்கலாம். எல்லோருக்கும் இவ்வாறே என்று கொள்ளற்க. ஒருவருக்கு ஒலி ஆகாது. மற்றொருவர் ஒலியைத் தேடிச் சென்று செவியை அதனோடு ஒட்டிக்கொள்வார். பொதுவாகச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு: அடுத்து என்ன நிகழும் என்பது முன்னரே தெரிந்திருந்தால் அவர்களுள் பெரும்பாலோர்க்கு உள்ளம் அமைதியுறும், தெரியாவிடில் அச்சம் மேலிடும்.

இனி நாடக அரங்கை எண்ணிப் பாருங்கள். அது திடீர் நிகழ்ச்சிகளால் கட்டப்பட்ட இடம். திடீரென இருள், திடீரென ஒளி, எதிர்பாராத இடி முழக்கம், முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோரின் கைதட்டல். இத்தனைக்கும் நடுவே அசையாமல் அமர்ந்திரு என்னும் கட்டளை வேறு!

இந்தக் கட்டளை நாடகக் கலையோடு கூடப் பிறந்தது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஷேக்ஸ்பியரின் காலத்து லண்டன் அரங்குகள் பகல் வெளிச்சத்தில் நாடகம் நிகழ்த்தியவை. மேடையைச் சூழ நின்றிருந்த பொதுமக்கள் தின்றும் பேசியும் கூவியும் பார்த்தார்கள். 1876ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் இசைநாடக ஆசிரியர் வாக்னர் தமது அரங்கைத் திறந்து, பார்ப்போர் இருக்கும் பகுதியை இருளச் செய்தார். ஐரோப்பாவில் இருளும் அமைதியும் நாடக நாகரிகமாக நிலைபெற்றது ஏறக்குறைய அக்காலத்தில்தான். நம் நாட்டுக் கூத்தையும் நோக்குங்கள். இரவு முழுதும் நடக்கும் கூத்தில் பாய் விரித்துப் படுத்துக் கேட்போர் உண்டு. நடுவில் உறங்கி, விருப்பமான கட்டம் வந்ததும் எழுந்து உட்காருவோர் உண்டு. குழந்தைகள் ஓடுவர், வருவர். கூத்தாடுவோர் எவரும் இதைக் குற்றமாகக் கருதியதில்லை. ஆகவே, அசையாது அமர்ந்திருத்தல் என்பது ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு வழக்கமே. அதனை நீக்கிவிட்டால் நாடகம் அழிந்துவிடாது.

இவ்வாறு நீக்கிப் பார்த்தவர்கள் உண்டு. நியூயார்க் நகரத்தில் தியேட்டர் டெவலப்மெண்ட் ஃபண்ட் என்னும் நாடக அறநிறுவனம் 2011ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மின்ஸ்காஃப் அரங்கில் 'தி லயன் கிங்' நாடகத்தின் ஒரு காட்சி முழுவதையும் ஆட்டிசம் உடையவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் உரியதாக ஆக்கியது. பிராட்வே அரங்குகளில் இவ்வகையில் அதுவே முதற்காட்சி. ஒலியைக் குறைத்தனர், வெட்டி வெட்டி மின்னும் விளக்குகளை விலக்கினர், கூடத்தில் ஓய்ந்திருக்க இடம் அமைத்தனர். இங்கிலாந்தில் இத்தகையவற்றை ரிலாக்ஸ்டு பெர்ஃபார்மன்ஸ் என்பர்; 'இளகிய காட்சி' என்று நாம் சொல்லலாம். அங்கு நிகழ்ந்த ஒன்று சுவையானது. மார்க் ஹாடன் 2003ஆம் ஆண்டில் எழுதிய ஒரு புதினத்தை, சைமன் ஸ்டீபன்ஸ் நாடகமாக்க, லண்டன் நேஷனல் தியேட்டர் 2012ஆம் ஆண்டில் மேடையேற்றியது. 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட் டைம்' என்பது அதன் பெயர். உலகம் பேரொலியாகவும் பேரொளியாகவும் வந்து தாக்கும் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனே அதன் தலைவன். அவன் உள்ளத்தை நமக்கு உணர்த்தும் பொருட்டு ஒளியையும் ஒலியையும் மேடையில் அள்ளி வீசினர். விளைவு என்ன? அச்சிறுவனைப் போன்றோரே அந்த நாடகத்தைப் பார்க்க இயலாத நிலை! 2013ஆம் ஆண்டில் அதற்கும் ஓர் இளகிய காட்சி அமைத்த பின்னரே அக்குறை ஒருவாறு தீர்ந்தது.

எனினும் இளகிய காட்சி ஆண்டில் ஒரு நாளோ இரு நாளோதான். மற்ற நாள்களில் என்ன நேரும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் லிங்கன் சென்டரில் 'தி கிங் அண்ட் ஐ' நடந்துகொண்டிருந்தபோது, மேடையில் சவுக்கடிக் காட்சி வந்ததும் ஆட்டிசம் உடைய ஒரு குழந்தை அலறியது. பார்வையாளருள் சிலர் அதன் தாயைக் கடிந்து கூவினர். அந்நாடகத்தில் நடித்த கெல்வின் மூன் லோ என்பவர் அன்று மாலையே அத்தாயின் பக்கம் நின்று பொதுவில் எழுதினார். அத்துணிவைப் பலர் பாராட்டினர். ஆனால், அந்தத் தாய் அக்குழந்தையை மீண்டும் ஒரு நாடகத்திற்கு அழைத்துச் செல்லும் துணிவு பெற்றிருப்பாரா என்று எண்ணும்போது எனக்கு மனம் நோகிறது. ஒருமுறை இவ்வாறு கடிந்துரைக்கப்பட்ட குடும்பங்கள் பல, அரங்கின் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. நாடகம் மட்டுமா? திருமணம், திருவிழா, பள்ளி ஆண்டுவிழா எல்லாவற்றையும் அவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டு விடுகிறார்கள். இந்த இழப்பை எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் யாரும் குறித்து வைப்பதில்லை.

நிற்க. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் காரணமாக நியூயார்க்கிலும் லண்டனிலும் அரங்குகள் அடைபட்டன. உலகம் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. அப்போதுதான், வீடு என்பது அரங்காக முடியுமா என்னும் கேள்வி எல்லோருக்கும் பொதுவாயிற்று. அதுவரை அது ஒரு சிலரின் கேள்வியாகவே இருந்தது. நேஷனல் தியேட்டர் அவ்வாண்டு ஏப்ரல் 2ஆம் நாள் தொடங்கி, வியாழன்தோறும் ஒரு நாடகப் பதிவை யூடியூபில் கட்டணமின்றி வெளியிட்டது. ஆட்டிசம் உடையவர்க்குப் பதிவு நாடகம் அளிக்கும் உதவி சிறிதன்று. ஒலியைத் தம் விருப்பப்படி கூட்டலாம், குறைக்கலாம். அச்சமூட்டும் கட்டத்தில் நிறுத்தலாம். எழுந்து உலாவிவிட்டு வந்து தொடரலாம். திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படிக்கலாம். பிடித்த காட்சியை நாற்பது முறை வேண்டுமாயினும் பார்க்கலாம். நாற்பது முறையா என்று முகம் சுளிக்காதீர்கள். கம்பனில் பிடித்த ஒரு பாடலை நாம் எத்தனை முறை பாடுகிறோம்?

ஆயினும் பதிவு நாடகத்தில் ஒரு குறை உண்டு. நடிகரை நாம் காண்கிறோம். நடிகர் நம்மைக் காண்பதில்லை. இருசாராரும் ஒருவரையொருவர் காண்பதில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது. இதனை உணர்ந்து செயற்பட்டவர்களுள் கெல்லி ஹண்டர் என்னும் ஆங்கில நடிகை குறிப்பிடத்தக்கவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலிருந்து சிறு சிறு விளையாட்டுகளைப் பிரித்தெடுத்து, ஆட்டிசம் உடைய சிறுவர்களோடு சேர்ந்து ஆடும் முறையை அவர் பல ஆண்டுகளாக வளர்த்து வந்தார். நடிகரும் சிறுவரும் வட்டமாக அமர்வர். எல்லோரும் தம் நெஞ்சில் கையால் இதயத் துடிப்பைப் போல மெல்லத் தட்டிக்கொண்டு, அந்தத் தாளத்தில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதே தொடக்கம். முடிவிலும் அவ்வாறே. இடையில் அச்சம், சினம், மகிழ்ச்சி ஆகிய மெய்ப்பாடுகளை முகத்திலும் குரலிலும் மாறி மாறிக் காட்டி விளையாடுவர். 2014ஆம் ஆண்டில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியும் ஒஹாயோ அரசுப் பல்கலைக்கழகமும் துணைநிற்க, 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தை அவர் இம்முறையில் நிகழ்த்தினார். அவருடைய ஃப்ளூட் தியேட்டர் என்னும் குழு, 2020ஆம் ஆண்டில் அரங்குகள் மூடியபோது, கணினித் திரை வாயிலாக ஆட்டிசம் உடையவர்களின் வீடுகளுக்குள் சென்று 'பெரிக்ளீஸ்' நாடகத்தை அவர்களோடு ஆடியது. இங்கே நடிகர் அச்சிறுவனைப் பார்க்கிறார். அவன் கையை அசைத்தால் தாமும் அசைக்கிறார். அவன் திரையை விட்டு ஓடினால் காத்திருக்கிறார்.

லண்டனில் 1981ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஆயிலி கார்ட் என்னும் மற்றொரு குழு வேறொரு வழியைக் கண்டது. மழலையர்க்கும், கற்றல் குறைபாடு மிகுந்த சிறுவர்க்கும், ஆட்டிசம் உடையவர்க்கும் நாடகம் படைப்பதே அக்குழுவின் தொழில். நீர்த்தொட்டியிலும், குதித்தாடும் வலையின் மேலும்கூட அவர்கள் நாடகம் நிகழ்த்தியிருக்கிறார்கள். நோய்க்காலத்தில் அவர்கள் 'ரத்துசெய்ய முடியாத நிகழ்ச்சிகள்' என்று பொருள்படும் பெயரால் ஒரு திட்டம் வகுத்து, வீட்டு வாயிலுக்கே நாடகத்தைக் கொண்டு சென்றனர், அஞ்சலிலும் அனுப்பினர். தொட்டும் முகர்ந்தும் கேட்டும் மகிழத்தக்க பொருள்களைப் பெட்டியில் வைத்து அனுப்ப, குடும்பத்தாரே அவற்றைத் திறந்து நாடகத்தை நடத்திக்கொள்வர். கல்லூரி மாணவர்களாகிய நீங்கள் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். உரையாடல் இல்லை, மேடை இல்லை, நடிகர்கூட இல்லை. ஆனாலும் தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உடைய ஓர் அனுபவம் இருக்கிறது. நாடகத்திற்கு இன்றியமையாதது எது என்று நம் இலக்கண நூலார் விவாதிக்கும்போது இந்தப் பெட்டியையும் ஒரு சாட்சியாக அழைக்கலாம்.

இவையெல்லாம் பெருநிறுவனங்கள் பொருள் செலவிட்டுச் செய்தவை; நம் வீட்டில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய ஒரு பள்ளியின் ஆண்டுவிழாவில் மனுநீதிச் சோழன் நாடகம் நடந்தது. பசு ஆராய்ச்சி மணியை அடிக்கும் கட்டம். மாணவர்கள் ஊக்கமிகுதியால் ஒலிபெருக்கிக்கு அருகில் பெரிய மணி ஒன்றைக் கட்டி அடித்துவிட்டார்கள். கூட்டத்தில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கதறினான். "வெளியே தூக்கிக்கொண்டு போங்கள்" என்று பின்வரிசையில் சிலர் குரல் கொடுக்க, அவன் தாய் அவனைத் தூக்கிக்கொண்டு வாயிலைக் கடந்தார். அவனுடைய அக்காள் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி. சில வாரங்கள் கழித்து அவள் என்னிடம் வந்து, "ஐயா, தம்பிக்காக வீட்டில் அந்த நாடகத்தைப் போடுகிறோம். பார்க்க வருகிறீர்களா?" என்று அழைத்தாள். சென்றேன்.

அவர்கள் வீட்டுத் தாழ்வாரமே மேடை. ஒரு கோரைப்பாயை விரித்து, பாய்க்குள் நடப்பதெல்லாம் நாடகம், பாய்க்கு வெளியே எல்லாம் வீடு என்று அவள் வரையறை செய்திருந்தாள். பகல் வெளிச்சம், விளக்கும் இல்லை, இருளும் இல்லை. நாடகத்திற்கு நான்கு நாள் முன்பிருந்தே பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் படம் வரைந்து கதையைத் தம்பிக்குக் கூறியிருந்தாள். முதற்படத்தில் கன்று, அடுத்ததில் தேர், அதற்கடுத்ததில் பசு மணி அடிக்கிறது, கடைசிப் படத்தில் இறைவன் அருளால் கன்று எழுந்து நிற்கிறது. அந்தக் கடைசிப் படத்தை அவன் கையிலேயே கொடுத்திருந்தாள். தேர் வரும்போது அவன் அதனை இறுகப் பற்றிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். மணி அடிக்க வேண்டிய கட்டத்தில் அவள் பூசை அறையிலிருந்த சிறு மணியை எடுத்து அவனிடமே நீட்டினாள். அவன் முதலில் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு ஓசையில்லாமல் ஆட்டினான். பின்னர் விரலைச் சிறிது தளர்த்தினான். பின்னர் முழு மணியும் ஒலித்தது. யாரோ அடித்தபோது அவனை வீழ்த்திய ஓசை, தானே அடித்தபோது அவனுக்கு விளையாட்டாயிற்று. நாடகம் முழுவதும் அவன் ஓரிடத்தில் அமர்ந்திருந்தானா என்றால், இல்லை. தூணைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தான். நடிப்பவரை நேரே நோக்கினானா என்றால், அதுவும் பெரும்பாலும் இல்லை. ஆனால் அக்காள் ஒரு வாக்கியத்தை மறந்து நிறுத்தியபோது, தூணுக்குப் பின்னாலிருந்து அந்த வாக்கியம் வந்தது!

அப்பெண் எந்த நூலையும் கற்று இதனைச் செய்தாளில்லை. ஆனால் மேல்நாட்டு அரங்குகள் ஆராய்ந்து கண்ட முறைகளோடு அவள் செய்கை பெரிதும் பொருந்துகிறது. அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில், நிகழப்போவதை எளிய வாக்கியங்களால் முன்கூட்டியே கூறும் கதைமுறையை வகுத்தார். இன்று இளகிய காட்சி நடத்தும் அரங்குகள் படங்களோடு கூடிய இத்தகைய முன்கதைகளை வெளியிடுகின்றன. முடிவைச் சொல்லிவிட்டால் சுவை கெடாதா என்று நீங்கள் ஐயுறலாம். நம் கூத்தில் என்ன செய்கிறார்கள்? கட்டியங்காரன் முதலில் வந்து, வரப்போகிறவர் இன்னார் என்று கூறுகிறான். பின்னர் இருவர் திரை ஒன்றைப் பிடித்துக்கொள்ள, வேடம் புனைந்தவர் அதன் பின்னின்று தம்மை அறிவித்துப் பாடுகிறார். அதன் பிறகே முகம் வெளிப்படுகிறது. துரியோதனன் வீழ்வான் என்பது அறியாமலா ஊரார் விடியும்வரை அமர்ந்திருக்கிறார்கள்? எதிர்பாராமையால் வரும் சுவை ஒன்று. எதிர்பார்த்தது எதிர்பார்த்தவாறே வந்து சேரும் சுவை மற்றொன்று. இரண்டாவது சுவையே நம் முன்னோருக்குப் பழக்கமானது. கூத்தின் முகவீணையும் ஆர்மோனியமும் எழுப்பும் பேரொலி இத்தகைய சிறுவர்க்கு ஆகாது என்பதை நான் மறக்கவில்லை. அந்தக் கட்டியங்காரனை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், நீங்கள் நாடகம் போட எண்ணும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில. வேடத்தை மறைவில் அணிந்து வந்து வியப்பூட்டுதல் வேண்டா. குழந்தையின் கண்ணெதிரே மீசையை ஒட்டிக்கொள்ளுங்கள். முடிந்தபின் கண்ணெதிரே எடுத்துவிடுங்கள். அப்போதுதான் அரசன் போய் அண்ணன் திரும்பி வந்துவிட்டான் என்பது ஐயமறத் தெரியும். உரத்த ஒலி எந்த இடத்தில் வரும் என்பதை ஒரு தாளில் எழுதி, வருவதற்குச் சற்று முன் ஒரு சிவப்புத் துணியை உயர்த்துங்கள். செவியை மூடிக்கொள்ள விரும்புவோர் மூடிக்கொள்வர். உடன் பார்ப்பவர்களிடம் கைதட்டலுக்குப் பதிலாக இரு கைகளையும் மேலே தூக்கி அசைக்கும்படி கூறுங்கள். எழுந்து போய் அமர ஓர் அமைதியான மூலை இருக்கட்டும். பல சமயங்களில் அது மேசைக்கு அடியிலேயே அமையும். அங்கிருந்து பார்த்தாலும் பார்ப்பதே. நேரம் குறுகியதாக இருக்கட்டும். முதல்முறை பத்து நிமிடம் போதும். நாள்தோறும் உணவு உண்ணும் இடத்தைத் திடீரென மேடையாக்குவதும் நன்றன்று. வீட்டின் ஒழுங்கு அவர்களுக்குப் பற்றுக்கோடு.

வானொலி நாடகத்தையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டிலும், திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. அக்காலத்திலேயே நாடகம் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. கண்ணுக்கு வேலையில்லாமையால் ஒளியின் தொல்லை இதில் இல்லை. ஒலியின் அளவும் நம் கையில். ஆனால் முகம் காணாக் குரல்கள் நான்கைந்து ஒருங்கே எழுந்தால், யார் பேசுகிறார் என்று பிரித்தறிதல் சிலருக்கு இடர் தரும். குரல் ஒவ்வொன்றிற்கும் ஒரு மரப்பாச்சியை வைத்து, அந்தக் குரல் பேசும்போது அந்தப் பொம்மையைத் தொட்டுக் காட்டினால் அவ்விடர் குறையும்.

ஆசிரியனாக நெடுங்காலம் வாழ்ந்தவன் ஆதலால், ஓர் எச்சரிக்கையும் கூற எனக்கு உரிமை உண்டென எண்ணுகிறேன். எங்கள் கூட்டத்தார்க்கு எதைக் கண்டாலும் அதனைப் பாடமாக்கிவிடும் வழக்கம் உண்டு. நாடகம் முடிந்த மறுகணமே, "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்? மன்னனின் முகத்தில் என்ன மெய்ப்பாடு இருந்தது?" என்று வினாத்தாளை நீட்டிவிடுவோம். ஆட்டிசம் உடைய குழந்தைகளுக்கு வாரம் முழுவதும் பயிற்சி மேல் பயிற்சி நடக்கிறது. பேச்சுப் பயிற்சி, கைப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி என்று ஓய்வின்றி ஓடுகிறார்கள். நாடகத்தையும் அந்த வரிசையில் இன்னொரு பயிற்சியாகச் சேர்த்துவிடாதீர்கள். அவன் இன்பமாகப் பார்த்தான் என்றால் அதுவே முழுப்பயன். இன்பம் அடைந்தானா என்பதை நம் அளவுகோலால் அளத்தலும் தகாது. கைகளைச் சிறகுபோல் படபடவென்று அசைத்தல், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறுதல், குதித்தல் ஆகியவை சிலருக்கு மகிழ்ச்சியின் அடையாளங்கள். அவையே வேறு சிலருக்கு மனக்கலக்கத்தின் அடையாளங்களாகவும் இருக்கும். இன்னது இன்னதெனத் தாயும் உடன்பிறந்தாரும் அறிவர். தாமே ஆட்டிசம் உடையவராகிய டேமியன் மில்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர் 2012ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்று மட்டும் கூறுவது பாதி உண்மை. நாமும் அவர்களைப் புரிந்துகொள்வதில்லை, இடைவெளி இரு கரைக்கும் பொது என்பதே அக்கருத்தின் சாரம். பெரியவர்களாகிய ஆட்டிசம் உடையோரும் உளர் என்பதை மறவாதீர்கள். இருபத்தைந்து வயதுடையவருக்குக் குழந்தைப் பொம்மலாட்டத்தைக் காட்டுதல் அவரை இழிவுபடுத்துவதாகும். அவருக்கு எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள். வாயால் சொல்ல இயலாதவராயின், நான்கு நாடகங்களின் படங்களை முன்வைத்துச் சுட்டச் சொல்லுங்கள்.

வேறொரு கவலையும் எனக்கு உண்டு. வீட்டிலேயே நாடகம் கிடைக்கிறதே, இனி அவர்கள் அரங்கிற்கு எதற்கு வர வேண்டும் என்று எவரேனும் வாதாடத் தலைப்படலாம். நோய்க்காலம் முடிந்து அரங்குகள் திறந்தபின் இவ்வாதம் எழுவதற்கு இடமும் இருக்கிறது. இது வஞ்சகமான வாதம். வீட்டில் பார்க்க விரும்புவோர் வீட்டில் பார்க்கட்டும். அது அவர் விருப்பம். ஆனால் பொது அரங்கின் கதவு அவர்களுக்கு அடைபட்டிருத்தல் கூடாது. 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் அட்டவணையில் சேர்த்திருப்பதோடு, கலை வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பிறரோடு ஒப்பப் பங்குபெறும் உரிமையை அதன் 29ஆம் பிரிவில் பேசுகிறது. வீட்டுத் தாழ்வாரத்தில் ஒருமுறை நாடகத்தின் சுவை கண்டவர்க்கு, அரங்கத்திற்குப் போக வேண்டும் என்னும் ஆவல் தானே பிறக்கலாம். நான் மேலே சொன்ன சிறுவன் பின்னர் எங்கள் பள்ளி ஒத்திகை ஒன்றுக்கு வந்தான். விழாவுக்கு வந்தானில்லை, ஆளில்லாக் கூடத்தில் நடந்த ஒத்திகைக்கு வந்தான். வாயிற்படியில் நின்றே பார்த்தான். அவன் கையில் அந்தப் பூசைமணி இருந்தது.

உங்கள் கல்லூரி நாடக மன்றங்களும் விழாவுக்கு முன்தினம் ஒத்திகை நடத்துகின்றன அல்லவா? அன்று விளக்குகளை முழுதும் அணைக்காமல், ஒலிபெருக்கியைத் தணித்து, கதவைத் திறந்து வைத்து, ஊரில் உள்ள இத்தகைய குடும்பங்களுக்கு ஒரு வாரம் முன்னதாகச் சொல்லியனுப்புங்கள். கதையைப் படங்களாக வரைந்து, எந்தெந்த இடத்தில் உரத்த ஒலி வரும் என்ற குறிப்பையும் சேர்த்து, அந்த அழைப்போடு அனுப்பிவிடுங்கள். வீட்டில் அவர்கள் அதனை வைத்து நாடகத்தை ஒருமுறை தமக்குள் ஆடிப் பார்த்துக்கொள்வார்கள்.